மாறியா, நிரலா?

அரியாலையில் ஒரு வாசிகசாலைக்குத் தரவுத்தளம் அமைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். விலகும் அங்கத்தவரின் பதிவை நீக்க ஒரு புரொசீஜர். அதற்குள் வரும் மாறியின் பெயர் அங்கத்தவர்_இல. அட்டவணையிலுள்ள நிரலின் பெயரும் அதுவே. ‘அங்கத்தவர்_இல = அங்கத்தவர்_இல’ என்று நிபந்தனை எழுதினால், ஓரக்கிள் இரண்டையும் நிரலாகவே எடுக்கும். மைஎஸ்கியூஎல் இரண்டையும் மாறியாக எடுக்கும். எப்படி எடுத்தாலும் நிபந்தனை எல்லா நிரைகளுக்கும் பொருந்தி, முழு அட்டவணையும் அழியும். போஸ்ட்கிரெஸும் முன்பு மாறிக்கே இடம் கொடுத்தது. 2010இல் வந்த 9.0 பதிப்பிலிருந்து பிழை காட்டி நின்றுவிடுகிறது. தரவை இழப்பதைவிட வேலை நிற்பது எவ்வளவோ மேல்.

பெரும்பாலானோர் செய்வது முன்னொட்டு வைப்பது: உள்வரும் மாறிக்கு ‘பி_’, உள்ளே அறிவிக்கும் மாறிக்கு ‘வி_’. எந்தத் தரவுத்தளத்திலும் செல்லும், வாசிக்கும்போதே கண்ணில் படும். ஆனால் அது வெறும் பழக்கம். ஒருவர் மறந்தால் தடுக்க ஆளில்லை. போஸ்ட்கிரெஸில் சிக்கல் இன்னும் ஆழமானது. அட்டவணையாக விடை தரும் ஃபங்ஷனில், வெளிவரும் நிரல்களும் உள்ளே மாறிகளாகவே கருதப்படும். முன்னொட்டு வைத்தால் விடையின் தலைப்புகள் கெடும், வைக்காவிட்டால் மோதும்.

ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் தகப்பனின் பெயரைச் சேர்த்துச் சொல்வோமே, அதுபோல உரியவரின் பெயரைச் சேர்ப்பதே என் தெரிவு: நிரலுக்கு முன் அட்டவணையின் பெயர், மாறிக்கு முன் ஃபங்ஷனின் பெயர். போஸ்ட்கிரெஸில் ஃபங்ஷனின் பெயர் உள்வரும், வெளிவரும் மாறிகளுக்கே செல்லும்; உள்ளே அறிவிக்கும் மாறிக்கு அதன் தொகுதிக்கு இட்ட பெயரைச் சேர்க்கவேண்டும். நீளும், ஃபங்ஷனின் பெயர் மாறினால் உள்ளேயும் மாற்றவேண்டும். மைஎஸ்கியூஎலில் நிரலுக்கு மட்டுமே இது செல்லும், அங்கே அதுவே போதும்.

இது கைவிடும் ஓர் இடம் உண்டு. போஸ்ட்கிரெஸின் ‘ஒன் கொன்ஃப்ளிக்ட்’ அடைப்புக்குள் நிரலின் பெயருக்கு முன் அட்டவணையின் பெயரை எழுத முடியாது. அங்கே கட்டுப்பாட்டின் பெயரைச் சொல்லலாம். அல்லது ஃபங்ஷனின் தலையில் ‘நிரலுக்கே முன்னுரிமை’ என்ற கட்டளையை வைக்கலாம். பின்னது வசதி, ஆனால் ஆபத்து. நாளை அட்டவணையில் ‘திகதி’ என்றொரு நிரல் சேர்ந்தால், அதே பெயருள்ள மாறியின் இடத்தை அது சத்தமின்றிப் பிடித்துக்கொள்ளும். பிழைச் செய்தியே வராது. அந்தக் கட்டளை இருக்கும் ஃபங்ஷனில் ஒவ்வொரு மாறியையும் ஃபங்ஷனின் பெயரோ தொகுதியின் பெயரோ சேர்த்தே எழுதவேண்டும்.