யார் கிண்டிய கோவா?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு எங்கோ கிண்டியதை எடுத்து வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பேர் போட்டு விற்கக் கூடாது. சரியான ஏற்பாடு. ஆனால், பாலுக்கும் சர்க்கரைக்கும் கிடைத்த இந்தப் பாதுகாப்பு ஐ.ஏ.எஸ். பாஸ் பண்ணுகிற பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. ரிசல்ட் வந்த மறுநாள் பேப்பரைப் பாருங்கள். ஒரே முகம் நாலு விளம்பரத்தில் சிரிக்கும். நாலு பேருமே 'எங்கள் தயாரிப்பு' என்பார்கள்.

2022-ம் வருட சிவில் சர்வீஸஸ் தேர்வில் நாடு முழுக்கத் தேர்வானவர்கள் 933 பேர். அதில் 336 பேர் தங்கள் மாணவர்கள் என்று விளம்பரம் கொடுத்தது சென்னையின் சங்கர் ஐ.ஏ.எஸ். அகாடமி. மூன்றில் ஒருவருக்கு மேல்! மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 'கணக்கைக் காட்டு' என்றது. காட்டினார்கள். அந்த 336-ல் 221 பேர் இலவச இன்டர்வியூ பயிற்சிக்கு வந்து போனவர்கள். மீதியிலும் பெரும்பாலோர் டெஸ்ட் சீரிஸ் மட்டும் எழுதியவர்கள். 2024 செப்டம்பரில் 5 லட்ச ரூபாய் அபராதம் என்ற செய்தி வந்தது. டெல்லியிலும் பல மையங்கள் இதே மாதிரி மாட்டின. அங்கே பாடம் மோசம் என்று ஆணையம் சொல்லவில்லை. விளம்பரம் உண்மையை மறைக்கிறது என்றுதான் சொன்னது.

இலவசப் பயிற்சியும் பயிற்சிதானே என்பீர்கள். அந்த வருடம் பிரிலிம்ஸ் எழுதியவர்கள் 5,73,735 பேர். மெயின்ஸுக்குப் போனவர்கள் 13,090. அதாவது, 44 பேரில் ஒருத்தர். இன்டர்வியூவுக்கு வந்தவர்கள் 2,529, தேர்வானவர்கள் 933. கடைசிக் கட்டத்தில் மூன்று பேரில் ஒருவருக்கு மேலேயே ஜெயிக்கிறார். மொத்த மார்க் 2025-ல் இன்டர்வியூவுக்கு 275-தான். பொதிகை எக்ஸ்பிரஸில் ராஜபாளையத்தில் ஏறி, ராத்திரி பூரா உட்கார்ந்தே வந்த பையனுக்குத் தாம்பரத்தில் ஒருத்தர் டீ வாங்கிக் கொடுக்கிறார். அவரே எழும்பூர் வாசலில் நின்று, 'ஊரிலிருந்து இவனைக் கூட்டி வந்தது நான்தான்' என்றால் எப்படி?

ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் கணக்கு எழுதுகிற நண்பர் ஒருவர். மகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ் மீடியத்தில் படித்து, டிகிரி முடித்திருக்கிறாள். அண்ணா நகரில் ஒரு மையத்தில் சேர்க்க வேண்டும். (எது என்பது வேண்டாம், மேலே சொன்னது இல்லை.) ஃபீஸ் லட்சத்தைத் தாண்டுகிறது, ஹாஸ்டலும் சாப்பாடும் தனி. "பி.எஃப்.-ல எடுத்துரலாம்ணே" என்றார் சாதாரணமாக. மில்லில் ஒரு கோன் நூல் கணக்கில் இடித்தாலும் ராத்திரி தூங்காத மனுஷன். இந்த நோட்டீஸை மட்டும் ஆடிட் பண்ணாமல் பாஸ் பண்ணிவிட்டார்.

நான் பி.காம்.காரன். வரவுப் பக்கத்தை மட்டும் எழுதிக் கொண்டுபோனால் எங்கள் வாத்தியார் நோட்டை மூஞ்சியில் வீசுவார். பயிற்சி மையங்கள் எல்லாமே வரவு மட்டும் எழுதுகின்றன. 40 பேர் பாஸ் என்கிறார்கள், சரி. முழு வகுப்புக்குப் பணம் கட்டியவர்கள் எத்தனை பேர்? 400-ஆ, 4000-மா? அந்தக் கீழ் எண் இல்லாமல் மேல் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

'தமிழிலும் எழுதலாம்' என்று ஒரு வரி எல்லா நோட்டீஸிலும் இருக்கிறது. அது பாதி உண்மை. மெயின்ஸ் விடைகளைத் தமிழில் எழுதலாம். இன்டர்வியூவிலும் தமிழில் பேசலாம். ஆர். பாலகிருஷ்ணன் தமிழிலேயே எழுதி 1984-ல் ஐ.ஏ.எஸ். ஆகி, ஒடிசாவில் உயர் பதவிகள் வகித்தார். ஆனால், கேள்வித்தாள் இங்கிலீஷிலும் இந்தியிலும்தான் வரும். பிரிலிம்ஸ் பொது அறிவுத் தாளில் இரண்டு மணி நேரத்தில் நூறு கேள்விகள். தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் வெட்டு. நண்பரின் மகள் ஒவ்வொரு கேள்வியையும் மனசுக்குள் தமிழாக்கிவிட்டு, பிறகு யோசிக்க வேண்டும். இந்தி பேசுகிற ஊர்ப் பிள்ளைக்கு இந்த வேலை இல்லை. அதற்கு யு.பி.எஸ்.சி.யைத்தான் திட்ட வேண்டும். ஆனால், மகளின் தமிழ் விடைத்தாளைத் திருத்த உங்களிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மையத்தைக் கேட்கலாமே? நோட்டீஸில் அந்தப் பேச்சே இல்லை.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அரசுப் பயிற்சி மையம் இருப்பது நண்பருக்குத் தெரியாது. 2023-ல் தமிழக அரசு 'நான் முதல்வன்' திட்டத்தில் தேர்வு வைத்து, ஆயிரம் பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் கொடுக்க ஆரம்பித்ததும் தெரியாது. அதற்கெல்லாம் பஸ் ஸ்டாண்டில் யார் ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள்!

2024 நவம்பரில் ஆணையம் விதிமுறைகளே போட்டுவிட்டது. தேர்வானவர் எழுத்தில் சம்மதம் கொடுக்காமல் போட்டோ போடக் கூடாது. அவர் எந்தக் கோர்ஸ், எத்தனை மாதம், காசு கட்டியா இலவசமா என்பதைச் சொல்ல வேண்டும். நண்பர் கொடுத்த நோட்டீஸில் ஐம்பது, அறுபது முகங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன். ஒரு முகத்துக்குக் கீழேகூட அந்த விவரம் இல்லை.

போன் பண்ணிக் கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறார்.

"நேர்ல வாங்க சார், எல்லாம் சொல்றோம். ஆனா டிஸ்கவுன்ட் இந்த மாசக் கடைசி வரைக்கும்தான்" என்றார்களாம்.