பகைமையின் ஊற்று எங்கே? ‘பசங்க’ திரைப்படம் – மலையகத்திலிருந்து ஒரு நோக்கு

இளமையில் விரும்பிப் பார்த்த ஒரு படைப்பைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது சங்கடந் தருவதொன்று. ஆயினும், ஒரு படைப்பு எம்மைக் கவர்ந்தமைக்கான சமூகக் காரணங்களைத் தேடுவது அப்படைப்புக்குச் செய்யும் அவமதிப்பு ஆகாது. பாண்டிராஜின் நெறியாள்கையில் 2009 மே 1ஆந் திகதி வெளிவந்த ‘பசங்க’ திரைப்படம் இத்தகைய மீள்நோக்கினை வேண்டி நிற்பது.

அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் எமது தலைமுறையினர் இப்படத்தைத் திரையரங்கிலன்றி, தொங்கல் காம்பராவொன்றின் தொலைக்காட்சிப் பெட்டியைச் சூழ்ந்திருந்தே பார்த்தனர். எம் முன்னோரிற் பலர் தோட்டங்களை நோக்கிப் புறப்பட்ட சீமைகளுள் புதுக்கோட்டையும் ஒன்று. ஆதலால் படத்தின் பேச்சும் உறவுமுறையும் எமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. அதன்பின் சில காலம் லயத்துச் சிறுவர் தத்தம் பெயரோடு ‘ஐ.ஏ.எஸ்.’ எனச் சேர்த்துக் கூறித் திரிந்ததை நாம் கண்டுள்ளோம். அப்பெயரில் ஒரு பதவி இந்நாட்டில் இல்லை என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை.

வகுப்பில் தன் சகாக்களுடன் ஆதிக்கஞ் செலுத்தும் ஜீவா. புதிதாய் வந்து சேரும் அன்புக்கரசு. இருவர் பின்னும் அணிதிரளும் சிறுவர். எதிரெதிர் வீடுகளில் வாழும் இரு குடும்பங்கள் – இவையே கதையின் அடிப்படை. இதன் சாதனை குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. ‘குழந்தையும் தெய்வமும்’ (1965) முதலாகத் தமிழ்த் திரையுலகிற் குழந்தைகள் பெரும்பாலும் பிரிந்த பெற்றோரை இணைக்கும் கருவிகளாகவே பயன்படுத்தப்பட்டனர். ‘பசங்க’ சிறுவருக்கென ஒரு சமூகம் உண்டென்பதை ஏற்றுக்கொண்டது. அச்சமூகத்தில் தலைமை உண்டு, அண்டிப் பிழைத்தல் உண்டு, கோள்மூட்டல் உண்டு. இந்தியத் தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப்படம், சிறந்த வசனம் ஆகியவற்றுக்கான விருதுகளோடு, ஜீவாவாகவும் அன்புக்கரசாகவும் நடித்த இருவருக்கும் சிறந்த குழந்தை நடிகர் விருது கிடைத்தமை பொருத்தமானதே.

எனினும், சிறுவரின் பகைமைக்கு இப்படம் காட்டும் காரணம் யாது என்ற வினா எழுகின்றது. பெற்றோரின் சச்சரவே பிள்ளைகளின் மனத்திற் பதிகின்றது என்பதே படத்தின் விடை. ஆசிரியர் சொக்கலிங்கம் அறிவுரை கூறுகிறார், குடும்பங்கள் நெருங்குகின்றன, விபத்துக்குள்ளான அன்புக்கரசைக் கைதட்டல் மீட்டெடுக்கின்றது. விடை பொய்யன்று, ஆனால் அரைகுறையானது. பெற்றோர் எதனாற் சச்சரவிடுகின்றனர் என்ற அடுத்த வினா கேட்கப்படவில்லை. ஆசிரியர், காப்புறுதி முகவர் முதலாயினோரைக் கொண்ட கீழ் மத்தியதர வர்க்க உலகில் உழைப்பு ஒரு பிரச்சினையாக வெளிப்படுவதில்லை. மே தினத்தன்று வெளியான படத்தில் உழைப்பின் குரல் கேளாதமை தற்செயலே; எனினும் கருதத்தக்கது.

அங்கேரிய எழுத்தாளர் ஃபெரென்ஸ் மோல்னாரின் ‘பால் வீதிச் சிறுவர்கள்’ என்னும் நாவலையும், அதனைத் தழுவி ஸோல்டான் ஃபாப்ரி 1968இல் ஆக்கிய திரைப்படத்தையும் இவ்விடத்து ஒப்புநோக்கலாம். அங்கும் இரு சிறுவர் குழுக்களே மோதுகின்றன. ஆனால் மோதல் ஒரு வெற்று நிலத்துக்கானது. தையற்காரனின் மகனான ஏழைச் சிறுவன் நெமெச்செக் அதற்காக நோயுற்று இறக்கின்றான். இறுதியில் அந்நிலத்திற் கட்டடம் எழவிருப்பது தெரியவருகின்றது. சிறுவர் உயிரைக் கொடுத்துக் காத்த நிலம் ஒருபோதும் அவர்களுடையதாய் இருக்கவில்லை.

தோட்டத்துச் சிறுவரின் அனுபவம் இதற்கே நெருக்கமானது. மேல் டிவிசன், கீழ் டிவிசன் பிள்ளைகளின் பகை பெரும்பாலும் பந்தடிக்க ஏற்ற ஒரு துண்டுச் சமதரையைப் பற்றியது. சரிவெல்லாம் தேயிலை, எஞ்சியது நிருவாகத்தின் தயவில் உள்ளது. லயத்தில் ஒரு காம்பராவுக்குள் ஒரு குடும்பமே அடைந்து வாழுகையில், சச்சரவுக்கு மனக்கசப்பு மட்டுமே காரணம் எனக் கொள்ளலியலாது. படம் வெளியான அதே 2009இல் 500 ரூபா நாட்சம்பளங் கோரிய தொழிலாளர், கொடுப்பனவுகள் சேர்ந்த 405 ரூபாவுடன் அமைய நேர்ந்தது. அந்தப் பற்றாக்குறை இரவில் காம்பராவுக்குள் சண்டையாக வெடித்தபோது, அதைக் கேட்ட பிள்ளைகளுக்கு அது அப்பன் ஆத்தாளின் குணக்கேடாகவே தென்பட்டது. ‘பசங்க’ அவ்வெண்ணத்தைத் திருத்தவில்லை, உறுதிப்படுத்தியது.

பாண்டிராஜ் தோட்டத்தைப் பற்றிப் படமெடுக்கவில்லை எனக் குறைகூறுவது எமது நோக்கமன்று. தாம் அறிந்த வாழ்வை அவர் நேர்மையாகச் சித்திரித்தார். குறை எமது இரசனையிலும் உண்டு. சிறுவரைச் சிறுவராகக் காணும் அவரது கண்ணை மலையகக் கலைஞர் கற்றுக்கொள்ளல் வேண்டும். அக்கண்ணோடு லயத்து வாசலையும் பிரட்டுக்களத்தையும் சம்பளச் சீட்டையும் சேர்த்து நோக்கும் படைப்பு தோன்றுமாயின், இரு டிவிசன் பிள்ளைகளும் தமக்குள் அடித்துக்கொள்வதற்குமுன் அந்தச் சமதரை யாருடையது எனக் கேட்கத் தலைப்படுவர்.