விளியும் சுட்டும்

மேலைநாட்டு ராக் இசையை வெறும் இரைச்சல் என்று ஒதுக்குவோர் நம்மில் பலர். ஆயினும் அவ்விசையில் பிறந்த ஒரு பாடல், பிள்ளை பெற்றோர் யாவரும் சற்று நின்று கருதத் தக்கது. 'ஃபாதர் அண்ட் சன்' என்பது அதன் பெயர். 'தந்தையும் மகனும்' என்பது பொருள். 1970-இல் 'டீ ஃபார் த டில்லர்மேன்' என்னும் இசைத்தட்டில் அது வெளிவந்தது. இயற்றிப் பாடியவர் கேட் ஸ்டீவன்ஸ். 1977-இல் இஸ்லாத்தைத் தழுவி, மறு ஆண்டில் யூசுஃப் இஸ்லாம் எனப் பெயர் பூண்டவர் அவரே.

அவர், லண்டனில் உணவகம் நடத்திய சைப்ரஸ் கிரேக்கர் ஒருவரின் மகன். ஆனால் பாடலில் வரும் தந்தை அவருடைய தந்தை அல்லர். ரஷ்யப் புரட்சியைக் களமாகக் கொண்ட 'ரெவலூஷியா' என்னும் இசை நாடகத்திற்காக எழுந்த பாடல் அது. புரட்சியில் சேரத் துடிக்கும் மகன். பழமையில் வேரூன்றிய உழவர் தந்தை. கவிஞரைக் காசநோய் படுக்கையில் வீழ்த்தவே, நாடகம் கைவிடப்பட்டது, பாடல் எஞ்சியது. நாடகத்தோடு ரஷ்யாவும் அகன்றதால், எந்த ஊர் வீட்டிற்கும் பொருந்தும் தந்தையும் மகனுமாக அவ்விருவரும் நிலைத்துவிட்டனர்.

ஒரே பாடகர் தந்தைக்குத் தாழ்ந்த குரலும் மகனுக்கு உயர்ந்த குரலுமாகப் பாடுகிறார். இருவரில் எவரையும் அவர் இழிவு செய்யவில்லை. தந்தை கொடியவர் அல்லர். தாமும் இளமையைக் கடந்து வந்தவர் என்ற பரிவோடு, பொறுமை கொள், நன்கு சிந்தி என்கிறார். மகனும் துடுக்கன் அல்லன்.

எனினும் இலக்கணம் பயின்றோர்க்கு இப்பாடலில் ஒரு நுட்பம் புலப்படும். தந்தையின் பேச்சு முன்னிலையில் அமைந்தது. மகனோ தந்தையைப் படர்க்கையில் சுட்டுகிறான். அரபு இலக்கணம் முன்னிலையை 'முகாதப்' என்றும் படர்க்கையை 'காயிப்' என்றும் குறிக்கும். காயிப் என்றால் 'எதிரில் இல்லாதவர்' என்று பொருள். ஒரே கூரையின் கீழ் வாழும் தந்தை, மகனின் மொழியில் காயிப் ஆகிவிட்டார்! மகன் இன்னும் வீட்டைவிட்டு நீங்கவில்லை. பிரிவோ முன்பே நிகழ்ந்துவிட்டது.

ஏன்? தந்தை அறிவுரை கூறிக்கொண்டே இருக்கிறார். பிள்ளைப் பருவந்தொட்டுத் தன்னைச் செவியாக மட்டுமே வைத்திருந்தனர் என்பதே மகனின் குறை.

பாட்டையும் வேதத்தையும் ஒரே தட்டில் வைப்பது நம் நோக்கமன்று. ஆயினும் கவிஞர் பின்னாளில் விரும்பிச் சூடிய பெயர் சூரா யூசுஃபை நினைவூட்டுகிறது. அங்கே சிறுவர் யூசுஃப் (அலை) 'யா அபத்தி' என்று தந்தையை விளித்துத் தம் கனவைச் சொல்கிறார். யஃகூப் (அலை) அதைக் கேட்கிறார். கேட்ட பின்னரே 'யா புனய்ய' என்று விளித்து அறிவுரை பகர்கிறார். மகன் தொலைவிற்குப் போனான். தந்தை அழுது கண்ணொளி இழந்தார். ஆனால் அவ்விளி அறுபடவில்லை.

இஸ்லாத்தை ஏற்ற பின் கவிஞர் பல்லாண்டுகள் இசைக்கருவிகளைத் துறந்திருந்தார். கருவிகள் பற்றிய ஆலிம்களின் கருத்து வேறுபாடு இங்கு நம் பொருளன்று. பிற்காலத்தில் அவர் வீட்டிற்குள் மீண்டும் கிதார் கொண்டு வந்தவர் அவருடைய மகன். அதை எடுத்து மீட்டியவர் தந்தை. 2020-இல், தமது 72-ஆம் வயதில், இப்பாடலின் மறுபதிவை அவர் வெளியிட்டார். தந்தையின் பகுதிக்கு முதிர்ந்த குரல். மகனின் பகுதிக்கு 1970-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவான அவரது இளமைக் குரல். ஐம்பதாண்டு இடைவெளியில் ஒரே மனிதர் இரு கரைகளிலும் நின்று பாடுகிறார். அப்போதும் ஒரு குரல் மற்றதற்கு விடை தரவில்லை. போலிச் சமாதானம் செய்யாத அந்நேர்மையே பாடலின் பெருமை.

பிள்ளைகள் ஒருநாள் புறப்படுவர், அது இயற்கை. புறப்படும் நாளில் அவர்கள் நாவில் 'வாப்பா' என்ற விளி இருக்குமா, 'அவர்' என்ற சுட்டு இருக்குமா என்பதை, அதற்கு முந்திய ஆண்டுகளில் நாம் கேட்டதும் கேளாததுமே முடிவு செய்யும்.