ராஸ்கல்: ஒரு வருஷத்துக் கதையும் இருபது வருஷத்து விலங்கும்

ரக்கூன் ஜப்பானுக்குச் சொந்தமான விலங்கு இல்லை. ஆனால் இன்றைக்கு அந்த நாட்டின் கிட்டத்தட்ட எல்லா மாகாணங்களிலும் காட்டு விலங்காகத் திரிகிறது. எப்படி வந்தது என்று தேடினால் பெரும்பாலும் ஒரே குற்றவாளியைத்தான் காட்டுவார்கள்: 1977-ல் ஃபுஜி டிவியில் 52 வாரம் ஓடிய 'அராய்குமா ராஸ்கல்' என்ற கார்ட்டூன் தொடர். பிள்ளைகள் பார்த்தார்கள், அடம்பிடித்தார்கள். பெற்றோர் வட அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான குட்டியை வாங்கிக் கொடுத்தார்கள். குட்டி வளர்ந்து கடித்தது. கொண்டுபோய்க் காட்டில் விட்டார்கள். அவ்வளவுதான் என்பார்கள்.

இது தப்பில்லை, ஆனா பாதிதான். "கார்ட்டூன் ரக்கூனை அழகா காட்டி அதோட கெட்ட குணத்தை மறைச்சிடுச்சு" என்கிற வாதம், அந்தத் தொடரின் மூலப் புத்தகத்தைப் படித்தவர்களுக்கு இடிக்கும். ஏன்னா அதில் எதையும் மறைக்கவில்லை.

மூலம், ஸ்டெர்லிங் நார்த் எழுதி 1963-ல் வெளியான 'ராஸ்கல்'. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், 1918 மே மாதம் தொடங்கி அடுத்த வசந்தம் வரைக்குமான ஒரு வருஷத்து நினைவுக்குறிப்பு. பையனுக்கு 11 வயது. அம்மா இறந்துவிட்டாள், அண்ணன் பிரான்சில் போர்முனையில், அப்பா வீட்டில் இருந்தும் இல்லாதவர் மாதிரி. அந்தக் காலி வீட்டுக்குள் ஒரு ரக்கூன் குட்டி வருகிறது.

அப்புறம் என்ன நடக்குது? கம்பிவலைக் கதவைத் திறக்கக் கற்றுக்கொள்கிறது. பக்கத்துத் தோட்டங்களில் சோளக்கதிரை நாசம் பண்ணுகிறது. அண்டைவீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். கழுத்துப்பட்டையும் சங்கிலியும் வாங்க வேண்டியிருக்கிறது, கூண்டு கட்ட வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சீண்டிய பையனைக் கடித்துவிட, வெறிநோய் இருக்கிறதா என்று அடைத்துவைத்துப் பார்க்கிறார்கள். கடைசியில் படகில் ஏற்றி ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறான். ரக்கூன் வளர்ப்பதற்கு எதிராக ஒரு ஆள் குற்றப்பத்திரிகை எழுதினால்கூட இதைவிடப் பெரிசா எழுத முடியாது. கார்ட்டூனும் இதே முடிவில்தான் முடிகிறது.

அப்போ இவ்வளவு தெளிவா சொன்ன கதையிலிருந்து மக்கள் ஏன் நேரெதிரான பாடத்தைப் படிச்சாங்க? எனக்குத் தெரிந்து மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தொடக்கம். புத்தகத்தில் பையனும் அவன் நண்பன் ஆஸ்கரும் பெரிய நாய் ஒன்றோடு போய் ரக்கூன் வளையைத் தோண்ட வைக்கிறார்கள். தாய் உயிரோடு தப்பிப் போகிறது, ஒரு குட்டி மாட்டிக்கொள்கிறது. அதாவது தாயிடமிருந்து பிடுங்கிக் கொண்டுவந்த குட்டி அது. நார்த் இதைப் பூசி மெழுகவில்லை. கார்ட்டூனில் தாயை வேட்டைக்காரன் சுட்டுவிடுகிறான், பையன் அநாதைக் குட்டியை எடுத்து வளர்க்கிறான். சின்ன மாற்றம் மாதிரிதான் தெரியும். ஆனால் பிடித்துவந்தது காப்பாற்றியதாக மாறிவிட்டது பாருங்க. கடையில் காசு கொடுத்துக் குட்டி வாங்கின குடும்பத்துக்கும் தாங்கள் ஒரு உயிரைக் காப்பாற்றியதாகத்தான் தோன்றியிருக்கும். இந்த ஒரு இடத்தில் கார்ட்டூன் மேல் குற்றம் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

இரண்டாவது, கழுவுதல். 'அராய்குமா' என்றால் ஜப்பானிய மொழியில் கழுவும் கரடி. ஜெர்மன் பெயருக்கும் அதே அர்த்தம். புத்தகத்தில் சர்க்கரைக் கட்டியைக் கொடுக்க, ராஸ்கல் அதைப் பாலில் கழுவப் போய் கட்டி கரைந்துபோகும். ஜப்பானிலிருந்து வந்து உலகம் சுற்றிய பஞ்சுமிட்டாய் வீடியோவைப் பார்த்திருப்பீங்க, அதே காட்சிதான். ஆனால் ரக்கூன் சுத்தத்துக்காகக் கழுவுவதில்லை. காட்டில் அது நீரோரத்தில் முன்னங்கால் விரல்களால் சேற்றைத் துழாவி நண்டு, தவளை பிடிக்கிற விலங்கு. மனிதர் பிடியில் இருக்கும் ரக்கூன்களிடம்தான் இந்தக் கழுவல் அதிகம் காணப்படுகிறது. தட்டில் வந்த தீனியைத் தண்ணீரில் போட்டு, தேடிப் பிடிக்கிற வேலையை மறுபடி செய்து பார்க்கிறது என்பதுதான் விலங்கியலாளர்கள் தரும் விளக்கம். வேட்டை இல்லாத வேட்டைக்காரன். அந்த இல்லாமையைத்தான் நாம் 'ச்சோ க்யூட்' என்கிறோம். கையில் விரல் இருப்பதால் அது நம்மைப் போல என்று நினைத்துக்கொள்கிறோம். அதே விரல்கள்தான் ராத்திரி அலமாரியையும் குப்பைத்தொட்டியையும் திறக்கும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: முடிவு. ரக்கூன் ஏறக்குறைய ஒரு வயதில் பருவத்துக்கு வருகிறது. பாட்டிலில் பால் குடித்த குட்டி, ஐந்து பத்து கிலோ எடையில், தன் இஷ்டத்துக்கு வாழ்கிற விலங்காகிவிடும். புத்தகம் சரியாக அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. வளர்ப்பில் இருபது வருஷம்கூட வாழக்கூடிய விலங்கின் முதல் ஒரு வருஷம் மட்டும்தான் கதை. அந்த ஒரு வருஷம் இனிமையாக இருந்தது என்று சொல்வதில் பொய் இல்லை. மீதி வருஷங்களுக்கு அவன் சொல்லும் வழி: காட்டில் விட்டுவிடு, அழு, திரும்பிப் பார்க்காதே. விட்டுவிடுவதுதான் உண்மையான அன்பு.

விஸ்கான்சினில் அது சரி. ராஸ்கல் போனது தன் சொந்தக் காட்டுக்கு, தன் இனத்திடம். காமகுராவில் ஒரு குடும்பம் அதையே செய்தபோது, அந்தக் காட்டுக்கு அதுவரை தெரியாத ஒரு வேட்டை விலங்கை உள்ளே விட்டார்கள். அவர்கள் கதையை மீறவில்லை. கடைசி அத்தியாயம் வரைக்கும் அப்படியே பின்பற்றினார்கள். வாங்குவதற்கு மட்டுமல்ல, கைகழுவுவதற்கும் அந்தக் கதையில் முன்மாதிரி இருந்தது. 'கெட்ட குணத்தை மறைத்தது' என்கிற வழக்கமான குற்றச்சாட்டு இந்த இடத்தைத்தான் தவறவிடுகிறது. கெட்ட குணத்தைக் காட்டியதால்தான் அந்த அழகான பிரிவுக் காட்சியே நியாயமாகிறது.

எல்லாப் பழியையும் கார்ட்டூன் மேல் போடவும் முடியாது. 1962-லேயே ஐச்சி மாகாணத்தின் இனுயாமாவில் உயிரியல் பூங்காவிலிருந்து ரக்கூன்கள் தப்பியிருக்கின்றன. குட்டிகளை விற்றவர்கள் வியாபாரிகள், அனுமதித்தது அரசாங்கம். தடுக்கும் சட்டம் 2004-ல்தான் நிறைவேறி, அடுத்த வருஷம் அமலுக்கு வந்தது. இப்போது அங்கே அனுமதி இல்லாமல் ரக்கூனை வளர்க்கவோ, இறக்குமதி செய்யவோ, காட்டில் விடவோ கூடாது. அதற்குள் அவை சோளம், முலாம்பழம் தின்னப் பழகிவிட்டன. கியோட்டோ பக்கம் பழைய மரக்கோயில்களின் தூண்களில் நகக்கீறல்கள். விவசாயச் சேதம் மட்டும் வருஷத்துக்கு 30 கோடி யென்னுக்கு மேல். வருஷா வருஷம் பொறி வைத்துப் பிடிக்கிறார்கள், பிடித்ததைக் கொல்கிறார்கள். அந்தக் கொலைக்கணக்கு எந்த அத்தியாயத்திலும் வராது.

அமெரிக்காவிலும் இது சுகமான வளர்ப்பு இல்லை. பல மாநிலங்களில் தடை. ரக்கூனுக்கென்று அனுமதி பெற்ற வெறிநோய்த் தடுப்பூசி அங்கே கிடையாது. காட்டு ரக்கூன்களுக்கு இரைக்குள் வைத்துப் போடும் வாய்வழி மருந்து உண்டு, அது வேற கதை. அதனால் வீட்டு ரக்கூன் யாரையாவது கடித்தால், பெரும்பாலும் அதைக் கொன்று மூளையைப் பரிசோதிப்பார்கள். அதன் கழிவில் இருக்கக்கூடிய ஒரு உருளைப்புழுவின் முட்டை மனித உடலுக்குள் போனால் புழு மூளைவரை போகலாம். வாயில் கைவைக்கும் சின்னக் குழந்தைகளுக்குத்தான் அதிக ஆபத்து.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, புத்தகத்தைப் படிக்காதீங்கன்னு சொல்ல வரல. தனிமையைப் பற்றி எழுதப்பட்ட நல்ல புத்தகங்களில் அது ஒன்று. அம்மா இல்லாத வீட்டில் ஒரு குட்டி உயிர் என்ன செய்யும் என்று அவ்வளவு நேராகச் சொன்னவர்கள் குறைவு. ஆனால் அது ஒரு பையனின் கதை, ரக்கூனின் கதை இல்லை. 'மேலான ஒரு காலத்தின் நினைவுகள்' என்ற பொருளில்தான் அதன் துணைத்தலைப்பே இருக்கிறது. அந்தக் காலம் ரக்கூனுக்கும் மேலானதாக இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

நார்த் 1974-ல் இறந்துபோனார், கார்ட்டூனைப் பார்க்கவில்லை. ஜப்பான் கடைகளில் ராஸ்கல் பொம்மை இன்னமும் விற்கிறது. பொம்மையை வாங்கலாம், தப்பில்லை. அதைக் கடைசிவரை வீட்டில் வைத்துக்கொள்ள முடியும்.