நாவலப்பிட்டிக்காரன் வாளெடுத்தால்!

எரோல் ஃபிளின் வாள் சுழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? நானும் பார்த்தேன். 1935இல் வந்த ‘கேப்டன் பிளட்’. கப்பல், கடற்கொள்ளையர், கடற்கரை மணலில் கத்திச் சண்டை, சட்டை பறக்க நிற்கும் கதாநாயகன், எல்லாம் இருக்கிறது. நல்ல படம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் படம் ஓடி முடியும்வரை என் மனசுக்குள்ளே ஒரே கூச்சல்: டேய், இதையேதான் எங்க ஆள் 1965இல் கலர்லேயே செஞ்சு காட்டிட்டாரேடா! வைத்தியனைப் பிடித்து அடிமையாக விற்கிறார்கள், அவன் கொள்ளைக் கப்பலில் ஏறுகிறான், வாளெடுக்கிறான். ‘ஆயிரத்தில் ஒருவன்’! ஹாலிவுட்டையே மயக்கிய ஃபிளின் பிறந்தது டாஸ்மேனியா என்ற தீவில். எங்க ஆள் பிறந்ததும் ஒரு தீவில்தான். எந்தத் தீவு, எந்த ஊர் என்று கேளுங்கள். அட, கேளுங்களேன்! நாவலப்பிட்டி! எங்கள் ஹேவாஹெட்டையில் பஸ் ஏறி, கலஹா வழியாகப் பேராதனைக்கு இறங்கி, கம்பளையைத் தாண்டினால் வந்துவிடுகிற நாவலப்பிட்டி! 1917 ஜனவரி 17ஆம் தேதி, கண்டிச் சீமையில், மகாவலி ஓடுகிற, மழை விடாத அந்த ஊரில் பிறந்தவர்தான் மருதூர் கோபாலமேனன் ராமச்சந்திரன், எங்கள் எம்.ஜி.ஆர்.!

எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லும்போது ஒருத்தர் முகத்திலும் அடக்கம் இருக்காது. எனக்கும் இல்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வியாபாரத்துக்குத் தேயிலை நட்ட லூல்கந்துர எங்களுக்குப் பக்கத்து மலை, அதைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் காரில் வருகிறார்கள், படம் பிடிக்கிறார்கள், வரட்டும். என்னிடம் வழி கேட்டால் நான் நாவலப்பிட்டிக்குத்தான் கைகாட்டுவேன்.

சின்ன வயசிலேயே அப்பா போய்விட்டார். அம்மா சத்தியபாமா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டிக் கும்பகோணம் போனார். அங்கே வறுமை, பள்ளிக்கூடம் பாதியில், அண்ணன் சக்கரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனி. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. எனக்குப் பைத்தியம் பிடிக்க வைப்பது அடுத்தது. முதல் படம் ‘சதிலீலாவதி’, 1936. எடுத்தவர் எல்லிஸ் ஆர். டங்கன், தமிழ் தெரியாத அமெரிக்கக்காரர். கதை என்ன தெரியுமா? குடியில் விழுந்த கதாநாயகன், கொலை செய்துவிட்டோம் என்று பயந்து ஓடுகிறான். எங்கே ஓடுகிறான்? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு! கூலியாளாக வேலை செய்ய! நினைத்துப் பாருங்கள், நாவலப்பிட்டியில் பிறந்த பையன் சினிமாவில் முதல்முதலாகத் தலைகாட்டிய கதையே எங்கள் தோட்டத்துக்கு வந்து போகிறது! எம்.கே.ராதாதான் அதில் கதாநாயகன், எங்க ஆளுக்குக் கிடைத்தது சின்னதாய் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வேஷம். இருக்கட்டுமே! இதை முதல்முதலாகப் படித்த அன்றைக்கு நான் எழுந்து வீட்டுக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றி, சமையலறையில் நின்ற மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். “அதுக்கு ஏங்க இப்படி மூச்சு வாங்குது?” என்று கேட்டாள். என்ன பதில் சொல்வது?

அந்த இன்ஸ்பெக்டர் கதாநாயகனாக 11 வருஷம் ஆனது. 1947இல் ‘ராஜகுமாரி’. அப்போது அவருக்கு வயது 30. அப்புறம் ‘மந்திரிகுமாரி’, ‘மர்மயோகி’, ‘மலைக்கள்ளன்’, 1956இல் முழு நீளக் கலரில் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, அதே வருஷம் ‘மதுரை வீரன்’. போதும், பட்டியல் போட ஆரம்பித்தால் 130 படத்துக்கு மேல் போகும். நான் உங்களை ஒரு ராத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

எண்பதுகளில் ஒரு தோட்டத் திருவிழா ராத்திரி. டவுனில் இருந்து டிவி, டெக், ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு வந்திறங்கியிருக்கிறது. லயத்தில் ஒரு பிள்ளை தூங்கவில்லை. கோயில் முன்னால் சாக்கு விரித்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, காதைத் துணியால் கட்டிக்கொண்டு மொத்தச் சனமும் உட்கார்ந்திருக்கிறது. மலையில் இருந்து பனி இறங்குகிறது, டீசல் வாசம், கச்சான் தோல், இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ. படம் ‘எங்க வீட்டுப் பிள்ளை’. கேசட் தேய்ந்து கோடு கோடாக ஓடுகிறது, யாருக்குக் கவலை! அந்தப் பயந்தாங்கொள்ளி ராமுவை நம்பியார் சாட்டையால் விளாசுகிற இடம் வந்ததும் பொம்பளைகள் “ஐயோ, பாவி, அடிக்கிறானே” என்று அழுகிறார்கள், நிசமாகவே அழுகிறார்கள். அப்புறம் ஆள் மாறிவிடுகிறது, ராமு இடத்தில் இளங்கோ வந்து நிற்கிறான், முகம் ஒன்று, ஆனால் நிற்கிற தோரணையே வேறு. நம்பியாருக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும், மலை முழுக்கத் தெரியும், அவர் சாட்டையை எடுத்து ஓங்குகிறார், ஓங்கிய சாட்டை பிடிபடுகிறது, அந்த ஒரு நொடியில் எங்க ஆள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், ஐயோ, அந்தச் சிரிப்பு! இனி அடிவாங்குவது நான் இல்லை என்று சொல்கிற சிரிப்பு! அவ்வளவுதான், சாக்கில் உட்கார்ந்திருந்தவன் ஒருத்தன் பாக்கியில்லாமல் எழுந்துவிட்டான், “வாத்தியாரே!” என்று ஒரு சத்தம், விசில், தப்பு அடிக்கிறவர்கள் தப்பைத் தூக்கிவிட்டார்கள், படியில் ஏறி இறங்கி அவர் சாட்டையைச் சுழற்ற, டி.எம்.சௌந்தரராஜன் குரலில் அந்தப் பாட்டுத் தொடங்க, ஒரு வார்த்தை காதில் விழவில்லை, விழவேண்டிய அவசியமும் இல்லை, எல்லாருக்கும் மனப்பாடம், பகல் பூரா கொழுந்து நிறை போதாது என்று கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கிய எங்கள் மாமா ஒருத்தர் துண்டை முறுக்கிச் சாட்டையாக்கிக் காற்றில் வீசுகிறார், “திரும்பப் போடு, திரும்பப் போடு” என்று கத்துகிறார்கள், டெக்காரர் கேசட்டைப் பின்னுக்கு ஓட்டுகிறார், மறுபடி சாட்டை, மறுபடி சிரிப்பு, மறுபடி விசில்! நான் சட்டையைக் கழற்றிச் சுழற்றியிருக்கிறேன். அந்தக் குளிரில்! அம்மா முதுகில் ஒன்று போட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மறுநாள் கவ்வாத்து வெட்டிய மலையில் எங்களுக்கு மிலாறுதான், வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிதான், வாள். நம்பியாராக ஒருத்தனும் வரமாட்டான், சீட்டுக் குலுக்கித்தான் பிடிக்க வேண்டும்.

‘நாடோடி மன்னன்’ பற்றிப் பேசாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. 1958. அவரே தயாரிப்பு, அவரே இயக்கம், அவரே இரண்டு வேஷம். கையில் இருந்ததை எல்லாம் கொண்டுபோய்க் கொட்டினார்; ஓடினால் மன்னன், ஓடாவிட்டால் நாடோடி என்று அவரே சொன்னதாகப் பேசுவார்கள். ஓடியது, எப்படி ஓடியது! ‘பிரிஸனர் ஆஃப் ஸெண்டா’ சாயல் இருக்கிறது என்று படித்தவர்கள் மூக்கைத் தூக்குவார்கள். இருந்துவிட்டுப் போகட்டுமே, ஸெண்டாவில் நாடோடி அரியணையில் ஏறி உழைக்கிறவனுக்குச் சட்டம் போட்டானா? இவர் போட்டார்! அதோடு, கருப்பு வெள்ளையில் போய்க்கொண்டிருந்த படம், சரோஜாதேவி வருகிற பிற்பகுதியில் திடீரென்று கலராகிறது, பாருங்கள், அந்த இடத்தில் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

1965இல் அந்தச் சரோஜாதேவியோடு அவர் இலங்கைக்கு வந்தார். எங்கள் பெரியப்பா கொழும்புக்குப் போய், கூட்டத்தில் மிதிபட்டு, செருப்பைத் தொலைத்து, கையைத் தொட்டுவிட்டு வந்ததாகச் சாகும்வரை சத்தியம் பண்ணினார். தொட்டாரா இல்லையா என்று நான் ஆராயப் போவதில்லை, நான் நம்புகிறேன்.

1967 ஜனவரி 12. சக நடிகர் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்தது. ஒரு நடிகனுக்குக் குரல் போனால் என்ன மிச்சம்? வேறொருத்தராக இருந்தால் அதோடு கதை முடிந்தது. இவரோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே பரங்கிமலையில் தேர்தல் ஜெயித்தார், கழுத்தில் கட்டோடு இருந்த படமே போஸ்டர்! அதே வருஷம் ‘காவல்காரன்’. இரவல் குரல் ஒட்டவிடவில்லை, அடிபட்ட அந்தக் குரலிலேயே பேசினார். உச்சரிப்புத் தெளிவில்லை என்பார்கள். அவர் உதடு அசைவதற்கு முன்னாலேயே வசனம் சொல்கிற எங்களுக்கு அது ஒரு குறையா? அழுகிற காட்சியில் சிவாஜி மாதிரி வராது என்பார்கள். சரி, வராது, முகத்தைக் கையால் மூடிக்கொள்வார், அடுத்த காட்சிக்குப் போவோம். 48 வயசில் 17 வயசு ஜெயலலிதாவோடு ஜோடியா என்பார்கள். விடுங்கப்பா, வாள்சண்டையைப் பாருங்கள்!

‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது. 1972இல் சொந்தக் கட்சி, 1977இல் முதலமைச்சர். ரீகன் நடிகராக இருந்து கலிபோர்னியாவுக்குக் கவர்னரானதை உலகமே அதிசயமாகப் பேசுகிறது. புரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே 1984இல் ஆண்டிபட்டியில் ஜெயித்தவரை என்ன சொல்வது? அரசியலைப் பற்றி இதற்கு மேல் எனக்குப் பேச வராது. 1987 டிசம்பர் 24ஆம் தேதி ரேடியோவில் செய்தி வந்ததும் லயத்துக்கு லயம் வெள்ளைக் கொடி ஏறியது, எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை, அது மட்டும் சொல்லத் தெரியும். அடுத்த வருஷம் பாரத ரத்னா. 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேடையில் நின்று, எம்.ஜி.ஆர். இந்த மண்ணில் பிறந்தவர் என்று சொன்னதைக் கேட்டு நான் டிவிக்குக் கைதட்டினேன். ஏதோ நானே பெற்று வளர்த்த மாதிரி!

நாவலப்பிட்டி ஸ்டேஷனில் சும்மா போய் இறங்கி நின்றிருக்கிறேன். எந்த வீடு, எந்தத் தெரு என்றெல்லாம் தேடவில்லை. ஒரு டீ குடித்தேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிங்களப் பெரியவரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் வாள் சுழற்றிக் காட்டி விளக்கினேன், அவர் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு வேகமாக எழுந்து போய்விட்டார்.

2014இல் ‘ஆயிரத்தில் ஒருவ’னைப் புதுப்பித்துச் சென்னையில் திரையிட்டபோது 25 வாரத்தையும் தாண்டி ஓடியதாம், 49 வருஷப் பழைய படம்! என் மருமகன் விஜய் ரசிகன், நம்பவில்லை. இந்தச் சனிக்கிழமை ராத்திரி அவனை உட்கார வைத்து ‘நாடோடி மன்னன்’ போடப் போகிறேன், மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், சாப்பாடும் அங்கேயேதான். நீங்களும் வாருங்கள், ஹேவாஹெட்ட டவுனில் இறங்கி யாரைக் கேட்டாலும் எம்.ஜி.ஆர். பைத்தியம் வீடு எது என்று காட்டுவார்கள். சிவாஜி ரசிகர்களும் வரலாம். ஆனால் சத்தம் போடாமல் உட்கார வேண்டும், சத்தம் போடுவது என் வேலை.