நோக்கம் எழுதாத ரசீது

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்த சில நாள்களிலேயே, சுனாமிக்கென்று இனிப் பணம் அனுப்ப வேண்டாம் என்று 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு அறிவித்தது. அங்கே தன்னால் செய்யக்கூடிய வேலைக்குப் போதுமான தொகை வந்துவிட்டது என்றது. மீந்த பணத்தை வேறு நெருக்கடிகளுக்குச் செலவிடலாமா என்று கொடுத்தவர்களையே கேட்டது, பெரும்பாலோர் சம்மதித்தார்கள். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 2001இல் நடந்துகொண்ட விதம் வேறு. செப்டம்பர் 11 தாக்குதலை ஒட்டித் திரட்டிய 'லிபர்ட்டி நிதி'யில் ஒரு பகுதியைப் பிற்காலத் தேவைகளுக்கு வைத்துக்கொள்ளப் பார்த்தது. கண்டனம் வலுத்ததும் நவம்பரில் பின்வாங்கியது.

நன்கொடையை நோக்கவாரியாகப் பிரித்து எழுதும் முறையின் பெரிய பலம் இதில்தான் இருக்கிறது. யார், எதற்காக, எவ்வளவு தந்தார் என்பது பேரேட்டில் இருந்தால்தான் மீதியைப் பற்றி அவரிடம் பேசவே முடியும்.

இந்தியாவில் 2021-22 நிதியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த 10பிடி படிவம், வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் சலுகை பெற்ற அமைப்புகளை இந்த ஒழுங்குக்குள் ஓரளவு கொண்டுவந்தது. கொடுத்தவரின் பெயர், முகவரி, அடையாள எண், தொகை, தந்த வழி எல்லாம் அதில் வேண்டும். மே 31க்குள் தாக்கல் செய்யத் தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். போலி ரசீதுகளைக் கட்டுப்படுத்த இது தேவையான நடவடிக்கை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நோக்கத்தைப் பொறுத்தவரை அந்தப் படிவம் கேட்பது நன்கொடையின் வகையை மட்டுமே: கார்பஸ் நிதியா, குறிப்பிட்ட மானியமா, மற்றவையா? கிராமத்து நூலகத்துக்கு என்று சொல்லி ஒருவர் யுபிஐயில் அனுப்பிய ஆயிரம் ரூபாய் 'மற்றவை'யில் கரைந்துவிடலாம். வரித்துறைக்கு அது போதும். அடுத்த ஆண்டு அவரிடம் மீண்டும் உதவி கேட்கப்போகும் ஊழியருக்குப் போதாது.

கார்பஸ் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. தன் பணம் மூலநிதியில் சேர வேண்டும் என்று கொடுத்தவர் குறிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது சட்டம். அப்படி ஒரு கடிதம் இல்லாமல், செலவாகாத பணத்தை ஆண்டுக் கடைசியில் அந்தத் தலைப்புக்கு மாற்றுவது, கொடுத்தவர் சொல்லாததை அவர் வாயில் திணிப்பது.

நோக்கவாரியாகப் பிரித்து எழுதும் முறைக்கு மறுபக்கமும் உண்டு. அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. 'ஒரு குழந்தையின் படிப்புக்கு' என்று கேட்டால் பணம் வருகிறது. ஆசிரியர் சம்பளம், மின் கட்டணம், ஆடிட்டர் கட்டணம் ஆகியவற்றுக்குக் கேட்டால் வருவதில்லை. வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளின் நிர்வாகச் செலவு வரம்பும் 2020 சட்டத் திருத்தத்தால் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. தலைப்புகள் பெருகப் பெருக, ஒவ்வொன்றிலும் பணம் கிடக்கும். அதைக் கையாளும் எழுத்தருக்கு மட்டும் சம்பளம் தர நிதி இருக்காது. தொண்டு நிறுவனங்கள் இதற்கு முழுப் பொறுப்பல்ல, கொடுப்பவர்களாகிய நமக்கும் பங்குண்டு. ஆயினும் படங்காட்டி, ஒற்றை நோக்கத்தை மட்டும் முன்னிறுத்தி நம்மைப் பழக்கியவர்கள் அவர்கள்தாம்.

தலைப்புகளைக் குறைத்து, கொடுத்தவர் சொன்ன நோக்கத்தை அவர் சொற்களிலேயே எழுதிவைப்பது நல்லது. கணக்கருக்கும் நிதி திரட்டுபவருக்கும் இரண்டு பட்டியல் வேண்டாம். ஒரே பதிவேடு போதும். பணம் வாங்கும்போதே, திட்டம் முடிந்து மீதமிருந்தால் பொதுச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, அந்தப் பதிலையும் ரசீதில் பதிய வேண்டும். வேண்டாம் என்பவரின் பணத்தைத் தனியே வைத்திருக்கவும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.