ஒரு மயிரிழை விலகல்

பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கிறது. அதைவிட, காலை எடுத்ததும் பேடு, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை விட்டுவிடுகிறதே, அதுதான் எனக்குத் தீராத வியப்பு. டிரம் பிரேக்கில் ஷூவைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் உண்டு. டிஸ்க் பிரேக்கில் பேடைத் தள்ளும் பிஸ்டனுக்கு அப்படி எதுவும் இல்லை. அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, பிரேக் ஆயில் கசியாமல் காக்க. அதன் வெட்டுமுகம் உருண்டையாக இருக்காது, சதுரமாக இருக்கும். நயமெல்லாம் அந்தச் சதுரத்தில்தான். பிஸ்டன் முன்னே நகரும்போது வளையத்தின் உள்விளிம்பு அதைப் பற்றிக்கொண்டு சற்றே சாய்கிறது. மிதி தளர்ந்ததும் நிமிர்கிறது. நிமிரும்போது பிஸ்டனையும் கூடவே இழுத்துக்கொள்கிறது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு போல இடைவெளி. சக்கரம் தடையின்றிச் சுழல அது போதும்.

பேடு தேயத் தேய பிஸ்டன் இன்னும் முன்னே வரவேண்டுமே? வளையம் சாயும் அளவைத் தாண்டிப் போனால் பிஸ்டன் அதற்குள் வழுக்கிப் புது இடத்தில் நின்றுகொள்ளும். அங்கிருந்தும் அதே மயிரிழைதான் விலகும். கசிவைத் தடுக்கப் போட்ட ரப்பர், யாரும் திருகி முடுக்காமலே தேய்மானத்தையும் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த நுணுக்கம் எவ்வளவு முரட்டு வேலைக்கு நடுவே நடக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். குடும்பமும் மூட்டையும் ஏறிய ஒரு எஸ்.யூ.வி. 2 டன்னைத் தொடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அது இறங்குவதாக வையுங்கள். 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது கைமாறும் ஆற்றலைக் கொண்டு 60 லிட்டருக்கும் மேல் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். கியரைக் குறைத்து இறங்கினால் இன்ஜின் ஒரு நல்ல பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை உள்ளங்கையளவுப் பேடுகள் வெப்பமாக்கி டிஸ்க்கிடம் கொடுக்கவேண்டும். அதிலும் முன்சக்கரத்துப் பேடுகளுக்கே பெரும்பாரம்.

ஒரு புதுப் பேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். இரும்புத் தகட்டின்மேல் 10 மில்லிமீட்டர் அளவுக்கு உராய்வுப் பொருள். பிசின், உலோக இழை, கிராஃபைட், தேய்ப்பான் துகள் என்று பலவும் கலந்து, சூட்டில் அழுத்திச் செய்தது. இரு ஓரங்களையும் சாய்வாகச் சீவியிருப்பார்கள், டிஸ்க்கில் வெடுக்கென்று கடித்து அதிராமல் இருக்க. நடுவே ஓடும் பள்ளம் தூசும் வாயுவும் வெளியேற. முதுகில் ஒட்டிய மெல்லிய ஷிம் தகட்டில் ரப்பர் படலம் இருக்கும். அதிர்வு சத்தமாக மாறுமுன் அது வாங்கிக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஓரத்தில் வளைந்து நிற்கும் சின்ன எஃகுத் தகடு. உராய்வுப் பொருள் இரண்டு மூன்று மில்லிமீட்டராகத் தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடத் தொடங்கும். இங்கிலாந்தின் லாஞ்செஸ்டர் 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றபோது, அவருடைய செம்புப் பேடுகள் போட்ட கூச்சல்தான் அந்த யோசனைக்குப் பெரிய இடைஞ்சல். விரட்டப் பாடுபட்ட அதே ஓசையைப் பின்னால் வந்தவர்கள் ஒரு துண்டுத் தகட்டில் அடக்கி, வேண்டிய நாளில் மட்டும் பேச வைத்திருக்கிறார்கள். மின்கம்பி வைத்து டேஷ்போர்டில் விளக்கெரிய வைக்கும் வண்டிகளும் உண்டு. நான் கீச்சொலியின் கட்சி.

தேய்ந்த பேடுகளைக் கழற்றியதும் தூக்கி எறிந்துவிடக் கூடாது. செருப்பின் அடியைப் பார்த்து ஆளின் நடையைச் சொல்வதுபோல, அவற்றைப் பார்த்து, பிஸ்டனையும் பேடுகளையும் தாங்கி நிற்கும் காலிப்பரின் நிலையைச் சொல்லலாம். உள்பேடு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் காலிப்பர் நகரும் ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம், அல்லது பிஸ்டன் திரும்ப மறுக்கலாம். பின்னைத் துடைத்து, ரப்பரைக் கெடுக்காத சிலிகான் கிரீஸ் தடவினால், விரலால் தள்ளவே வழுக்கி ஓடும். அந்த வழுக்கலை ஒருமுறை கையால் உணர்ந்தவர் இந்த வேலையை அவசரமாக முடிக்கமாட்டார். கிரீஸ் பட்ட விரல் பேட்டின் முகத்தில் படாமலிருப்பது அடுத்த கவனம். கழற்றிய காலிப்பரை பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி போட்டுக் கட்டும் மெக்கானிக்கிடம் வண்டியை நம்பி விடலாம். புதுப் பேடுக்கு இடம் தர பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் மேலே டப்பாவில் ஏறும்; வழிந்து பெயின்டில் பட்டால் அரித்துவிடும். டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். அளந்து பார்க்காமல் பேடை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

மாட்டிய பிறகு, நகருமுன் மிதியைச் சிலமுறை அழுத்தவேண்டும். முதல் மிதி தரைவரை போகும். பிஸ்டன் பேடைத் தேடி வருகிறது என்று பொருள். பிறகு ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து, முழுதும் நிற்காமல், மிதமாகப் பலமுறை வேகம் குறைக்கவேண்டும். பேட்டிலிருந்து ஒரு மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராகப் படியும். இனி பேடு உரசுவது வெறும் இரும்போடு மட்டுமல்ல, தன் படலத்தோடும்தான். அந்தச் சூட்டிலேயே வண்டியை நிறுத்தி மிதியை அழுத்திக்கொண்டிருந்தால் படலம் ஓரிடத்தில் திட்டாக ஒட்டும், பிறகு ஒவ்வொரு பிரேக்கிலும் ஸ்டியரிங் உதறும். ஆகவே கடைசிச் சுற்றில் பிரேக்கைத் தொடாமல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் காற்றில் ஓட்டி ஆறவிட்டு வீடு திரும்புவதே முறை.